ரேவதியின் பெயரை அடித்த நாள்

2023 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை. ஆடி இரண்டாம் நாள். காலை 7.50-க்கு அலுவலக அறையைத் திறந்தேன். 7.55-க்கு மேசையைத் துடைத்து, பேனாக்களை நீலம், கறுப்பு, சிவப்பு என்ற வரிசையில் வைத்தேன். 8.00-க்குச் சங்கு ஊதியது. 8.20-க்குத் தையல் பிரிவின் வருகைக் கணக்கு வந்தது. பதினோரு பேர் வரவில்லை. அவர்களில் நான்கு பேர் ஆடிக்குத் தாய்வீடு போயிருந்த புதுப்பெண்கள். 9.00-க்கு டீ, சர்க்கரை ஜாஸ்தி. 10.15-க்குத் துறைமுக ஏஜெண்டுக்கு ஒரு கடிதம். 10.40-க்கு பீரோ சாவியைத் தேட ஆரம்பித்து, 10.52-க்கு என் கழுத்துக் கயிற்றிலேயே கண்டெடுத்தேன்.

என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. 10.52 வரை அதில் சொல்லும்படியான குற்றம் எதுவும் இல்லை.

நம் ஷூ தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவு அலுவலகத்தில் நான் இருபத்தொன்பது வருடம் இருந்தேன். மேனேஜர் வாயால் சொல்வதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. இப்போது அந்த நாற்காலியில் உங்களில் யாரோ உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவர்கள் யாரும் கேட்காமலேயே அறிவுரை சொல்வார்கள். நான் அதைச் செய்யப்போவதில்லை. நான் செய்த ஒரு தவற்றை, மணி நிமிடத்தோடு, சொல்லிவிடுகிறேன். அதிலிருந்து அறிவுரையை நீங்களே உரித்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் உரிக்கவா சொல்லித்தர வேண்டும்?

தவறு முழுவதும் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. அடி.

இந்தச் சொல் நம் இடத்தில் எத்தனை ஆள் வேலையை ஒற்றை ஆளாகப் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தோல் நமக்கு அடிக்கணக்கில் வருகிறது. ஷூவுக்கு அடி உண்டு. அந்த அடிக்குப் பசை அடிக்கிறோம். மேலே சாயம் அடிக்கிறோம். உள்ளே சைஸ் நம்பர் அடிக்கிறோம். பெட்டிமேல் சீல் அடிக்கிறோம். ஒரு லைனில் நல்ல தையல்காரி இருந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரன் அவளை அடித்துக்கொண்டு போகிறான். வெளியூர் விருந்தாளி ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் "இன்னாவோ அடிக்குதே" என்று மூக்கைப் பிடிக்கிறார். நமக்கு அடிப்பதில்லை. மதியம் பிரியாணி சாப்பிட்டவன் அரட்டை அடிக்கிறான், சூப்பர்வைசர் வந்து கேட்டால் பல்டி அடிக்கிறான். இத்தனை அடியிலும் யாருக்கும் ஒரு காயம்கூடப் படுவதில்லை.

நல்ல தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இல்லாமல் இல்லை. பசையைப் பூசலாம், சாயத்தைத் தெளிக்கலாம், எண்ணைப் பதிக்கலாம், முத்திரையை இடலாம், ஆளைக் கவர்ந்து செல்லலாம். ஆனால் காலை எட்டரை மணிக்கு, அத்தனை மெஷின் சத்தத்தில், "தங்கச்சி, பசையைப் பூசு" என்று சொல்லிப் பாருங்கள். நான் ஒருமுறை சொன்னேன். "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

இந்த அடிகளில் இரண்டு மட்டும் ஒன்றுக்கொன்று பரம விரோதி. ஒரு பெயரைக் கம்ப்யூட்டரில் எழுதினால் அடித்தோம் என்கிறோம். எழுதிய பெயர்மேல் கோடு போட்டாலும் அடித்தோம் என்கிறோம். பெயரை உண்டாக்குவதும் பெயரை ஒழிப்பதும் ஒரே சொல். இந்த இரண்டையும் நான் தினமும் செய்துவந்தேன். இருபத்தெட்டு வருடம் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

அன்றைக்குப் பார்த்துக்கொண்டன.

முதலில் ரேவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. தையல் பிரிவில் பதினோரு வருடம். ஜதை சேராத ஷூவை மூன்று மேசைக்கு அப்பாலிருந்தே கண்டுபிடிப்பாள். வாயும் அதே கூர்மை. புதிதாக ஒரு லைன் தொடங்கப்போகிறோம், அதற்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று மூன்று பெயர்களை முந்தின வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தோம். கௌசல்யா, தில்ஷாத், ரேவதி. "பரிசீலனையில் உள்ளவர்கள்" என்று மேலே தலைப்பு. ரேவதி இதற்கு முன் இரண்டு முறை இப்படிப் பரிசீலனையில் இருந்தவள். இரண்டு முறையும் பொறுப்பு வேறு ஆளுக்குப் போனது.

இந்த முறை அவளிடம் இன்னொரு வழியும் இருந்தது. நாட்றம்பள்ளிப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி அவளைச் சூப்பர்வைசராகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை நேரில் வந்து பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். போனால் தினமும் போகவர இரண்டு மணி நேரத்துக்குமேல் பஸ். எட்டாவது படிக்கும் மகள் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. அதனால், இங்கே கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று கடைசி நாள்வரை காத்திருந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கும் மேனேஜர் அன்வர் சாருக்கும் ஒரு சண்டை நடந்தது. ஒரு லாட்டில் இடது கால் தோலும் வலது கால் தோலும் நிறத்தில் ஒரு நூலளவு வித்தியாசம். ரேவதி யாரையும் கேட்காமல் லைனை நிறுத்திவிட்டாள். அன்வர் சார் ஓடி வந்தார்.

"லைன நிறுத்த நீ யாரும்மா?"

"கண்ணு இருக்கறவ சார்."

எண்பது பேர் முன்னால் இது நடந்தது. சார் முகம் சிவந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபம் அரைமணி நேரம்தான் நிற்கும். திட்டு வாங்கியவர்களுக்கு ஆறு மாதம் நிற்கும். இடையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒருநாளாவது நிற்காதா?

செவ்வாய் விடியற்காலை அன்வர் சார் காட்பாடியில் ரயில் பிடித்து சென்னைக்குப் போனார். அங்கிருந்து விமானத்தில் வியட்நாம். 11.36-க்கு என் போன் ஒலித்தது. பின்னால் விமானத்துக்குள் அறிவிப்புச் சத்தம்.

"எஸ்தரம்மா, கேக்குதா? நேத்து முதலாளிகிட்ட பேசிட்டேன். ரேவதி பேர அடிச்சிடுங்க."



"அடிச்சிடவா சார்?"

"ஆமாமா. ரொம்ப யோசிச்சேன். இதான் சரி."

"மத்த ரெண்டு பேரு?"

"அது அப்படியே இருக்கட்டும். அத ஒண்ணும் பண்ணாதீங்க."

"இன்னைக்கே அடிக்கணுமா சார்? நீங்க வந்தப்புறம்…"

"நான் வர ஒரு வாரம் ஆகும். இப்பவே அடிங்க. நல்லா தடிமனா அடிங்க, கேன்டீன்லேந்து பாத்தாலும் தெரியணும்."

"சார், அது கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?"

"இன்னா ஜாஸ்தி? நேத்து எல்லார் முன்னாடியும்தான நடந்திச்சு? இதுவும் எல்லார் முன்னாடியும் நடக்கட்டும். போன் ஆஃப் பண்ணச் சொல்றாங்க, வெச்சிடறேன்."

வைத்துவிட்டார்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பேச்சை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கோடு போடச் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வரி இடிக்கவில்லை. எல்லாம் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்துகிறது. நான் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது. "அடிச்சிடவா சார்?" என்று கேட்டேனே! அவர் சொன்ன சொல்லையே அவரிடம் திருப்பிக் கேட்டேன், அவரும் ஆமாம் என்றார். பந்தை இருவரும் ஒழுங்காகப் பிடித்தோம். ஆளுக்கு ஒரு பந்து என்பதுதான் தெரியவில்லை.

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. இருந்தாலும் பிடிக்காத வேலையையும் ஒழுங்காகச் செய்பவள் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கறுப்பு மார்க்கரும் முப்பது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு நோட்டீஸ் போர்டுக்குப் போனேன். ரேவதி பெயர்மேல் நேராக ஒரு கோடு போட்டேன். கேன்டீன் வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன். தெரியவில்லை. திரும்பி வந்து இரண்டாவது கோடு. மறுபடி கேன்டீன் வாசல். லேசாகத் தெரிந்தது. மூன்றாவது கோட்டை மார்க்கரின் பட்டை முனையால் போட்டேன். நன்றாகத் தெரிந்தது.

பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்தும் நேரமும் போட்டேன். எ., 11.42. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த தலைமை எழுத்தர் பழக்கிய பழக்கம் அது. "அடிச்சா கையெழுத்து போடு. கையெழுத்து இல்லாத அடி திருட்டு அடி" என்பார். நல்ல பழக்கம்தான். அன்றைக்குக் குற்றவாளியைத் தேடும் சிரமம் யாருக்கும் இல்லாமல் போனது.

12.30-க்குச் சாப்பாட்டு மணி. போர்டு முன்னால் கூட்டம் கூடியது. முதலில் சத்தம் போட்டது தில்ஷாத்.

"யா அல்லா! இன்னாக்கா இது? தார் ரோடு போட்டா மாதிரி இருக்கு!"

ரேவதி டிபன் பாக்ஸோடு வந்தாள். கூட்டம் தானாக விலகியது. கிட்டப் போய் நின்று பார்த்தாள். திரும்பி, கதவருகில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"கோடு நேரா இருக்கு. ஸ்கேல் வெச்சீங்களாக்கா?"

"ம்."

"மூணு எதுக்கு? ஒண்ணுல நான் சாக மாட்டேன்னா?"

"சார்தான் தடிமனா…"

"பரவால்லக்கா. அடிச்சவங்க கையெழுத்து போட்டு டைமும் போட்டிருக்கீங்க. நம்ம பக்கம் அடிச்சிட்டு ஓடிப்போறவங்கதான் ஜாஸ்தி."

யாரும் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

2.10-க்கு என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தாள். வேலையிலிருந்து விலகுகிறேன் என்று நாலே வரி. கீழே நகல் ஒன்று.

"நகல்ல சீல் அடிச்சு குடுங்கக்கா. நாளைக்குக் காலைல ஆறு நாப்பது பஸ்ஸு எனக்கு."

"அவசரப்படாத ரேவதி."

"பதினோரு வருஷம் அவசரப்படல. போதும்."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சீல் விழுந்த கடிதம் அன்று மாலையே மனிதவளப் பிரிவுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு மேனேஜரே நினைத்தாலும் திருப்பி வாங்க முடியாது. "வெச்சிட்டுப் போ, அடிச்சு வைக்கறேன்" என்றேன். அவள் போனதும், சீலை எடுப்பதற்கு முன்னால் டைரியை எடுத்தேன். நடந்ததை எழுதாமல் அடுத்த வேலையைத் தொடுவது எனக்கு ஆகாது. எழுதினேன். எழுதியதும், வழக்கம்போல மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன்.

10.15. ஏஜெண்டுக்குக் கடிதம் அடித்தேன்.

11.42. ரேவதி பெயர் அடித்தேன்.

2.10. ரேவதி கடிதம். சீல் அடிக்க வேண்டும்.

மூன்று வரி, மூன்று அடி. முதல் வரியில் இல்லாத ஒன்றை நான் உண்டாக்கியிருந்தேன். இரண்டாவது வரியில் இருந்த ஒன்றை ஒழித்திருந்தேன். என் கையெழுத்தில், என் டைரியில், ஒரே சொல். அன்வர் சார் இவற்றில் எதைச் சொன்னார்?

போனில் அவர் சொன்னதை வரிவரியாக நினைத்துப் பார்த்தேன். "அது அப்படியே இருக்கட்டும்." பழைய பட்டியலைத் தொட வேண்டாம் என்று அதற்குப் பொருள் இருக்கலாமே! "தடிமனா அடிங்க." கம்ப்யூட்டரில் எழுத்தைத் தடிமனாக்கும் பொத்தான் இருக்கிறதே! "இதுவும் எல்லார் முன்னாடியும் நடக்கட்டும்." எல்லார் முன்னாலும் திட்டியதற்கு, எல்லார் முன்னாலும் ஒரு கௌரவம் என்று அதற்குப் பொருள் இருக்கலாமே!

அவர் போனுக்கு அடித்தேன். பாருங்கள், இதுவும் அடிதான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டில் அவர் போன் ஹோட்டல் வைஃபை கிடைத்தால்தான் உயிர் பெறும். ஒரு செய்தி அனுப்பினேன். "சார், ரேவதி பெயரைச் சேர்க்கச் சொன்னீர்களா, நீக்கச் சொன்னீர்களா?" ஒற்றை டிக், அவருக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களோடு கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பழைய தாளைக் கிழித்துவிட்டு, "புது லைன் பொறுப்பு ரேவதி" என்று கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிவிட என் கை துடித்தது. தவற்றை உடனே சரிசெய்வது நல்ல குணம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எனக்கு வந்திருந்தது சந்தேகம் மட்டும்தான். அது தப்பாக இருந்துவிட்டால்? ஒரே ஆளை ஒரே நாளில் கீழே தள்ளி, மேலே தூக்கி, மறுபடி கீழே தள்ளியிருப்பேன். காலையில் தெரியாததைத் தெரிந்ததாக நினைத்து மூன்று கோடு போட்டவள், மதியமும் அதையே செய்வதா?

ஆகவே இரண்டு காரியம் செய்தேன். கடிதத்தில் சீல் வைக்காமல் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இருபத்தொன்பது வருடத்தில் நான் வேண்டுமென்றே தாமதித்த ஒரே கடிதம் அதுதான். பிறகு ரேவதியிடம் போனேன். மணி 3.40.

"ரேவதி, சார் உன் பேர அடிக்கச் சொன்னார். எந்த அடின்னு நான் கேக்கல."

"இன்னாக்கா ஒளர்றீங்க?"

"கம்ப்யூட்டர்ல அடிக்கறதா, கோடு போட்டு அடிக்கறதான்னு கேக்கல."

மெஷினை நிறுத்தினாள்.

"அப்போ என் பேரு இருக்கா, இல்லியா?"

"தெரியல."

"மூணு கோடு போட்டப்ப தெரிஞ்சிச்சா?"

டைரியில் இதற்கு நேராக "3.42. நியாயமான கேள்வி" என்று இருக்கிறது.

"சார்கிட்ட கேட்டிருக்கேன். பதில் வரல. அதுவரைக்கும் உன் கடிதத்துல சீல் வைக்க மாட்டேன்."

"நீங்க வைங்க, வைக்காம போங்க. ஆறு நாப்பதுக்கு நான் பஸ்ல இருப்பேன். அங்க போய் சரின்னு சொல்லிட்டா சொன்னதுதான். அப்புறம் நீங்க என் பேர தங்கத்துல அடிச்சாலும் வர மாட்டேன்."

மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு பொருள் இருந்தபோது நான் ஏன் இந்தப் பொருளை எடுத்தேன் என்று அன்று மாலை யோசித்தேன். திங்கட்கிழமைச் சண்டைதான் காரணம். சார் அவளைப் பழிவாங்குவார் என்று என் மனம் முன்பே முடிவு செய்து வைத்திருந்தது. அவர் வாயைத் திறந்தபோது நான் கேட்டது அவர் சொன்னதை அல்ல, நான் எதிர்பார்த்ததை. போன் சிக்னல் சுத்தமாகத்தான் இருந்தது.

பிற்பாடு இந்தக் கதை முழுவதையும் கேட்ட அன்வர் சார், அலுவலகத்தில் ஒரு வாரத்துக்கு அடி என்ற சொல்லையே யாரும் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டார். தன் கையாலேயே உத்தரவு எழுதி, என் மேசைக்குக் கொண்டுவந்து, "இத அடிச்சு ஒட்டிடுங்க" என்றார். எதைக்கொண்டு அடிப்பது என்று கேட்டேன். தடை அத்தோடு முடிந்தது.

ஜூலை 19, புதன்கிழமை. காலை 5.50-க்கு என் செய்திக்குப் பக்கத்தில் இரண்டு டிக். நீலமாயிற்று. பதில் வந்தது.

"அதான் நேத்தே அடிக்கச் சொன்னேனே. இன்னும் அடிக்கலையா?"

சேர்ப்பதா நீக்குவதா என்று இதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பது? ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மேனேஜர்களிடம் இரண்டில் ஒன்று கேட்டால், அவர்கள் மூன்றாவதற்குப் பதில் சொல்வார்கள். படுக்கையில் உட்கார்ந்து யோசித்தேன். அவரை "அடி"யிலிருந்து இறக்க முடியாது. சரி, அந்த அடியை எதைக்கொண்டு அடிப்பது என்றாவது கேட்போம்.

"பேனாவால் அடிப்பதா, கம்ப்யூட்டரில் அடிப்பதா?"

"காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்க எஸ்தரம்மா. பேர எவனாவது பேனாவால அடிப்பானா? கம்ப்யூட்டர்லதான். புது லைன் பொறுப்பு ரேவதின்னு பெருசா."

மணி 6.02. ரேவதிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஆட்டோ பிடித்தேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது 6.35. பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் ரேவதி.

"ரேவதி, எறங்கு."

"எதுக்கு?"

போனை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நீட்டினேன். படித்தாள். பக்கத்து சீட்டுப் பெண்மணியும் எட்டிப் படித்தார். ரேவதி இன்னொரு முறை, இந்த முறை சத்தமாகப் படித்தாள்.

"'பேர எவனாவது பேனாவால அடிப்பானா…'" நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடிச்சாளே சார் ஒருத்தி, ஸ்கேல் வெச்சு!"

பக்கத்து சீட்டுப் பெண்மணி என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். கண்டக்டர் படியில் தொங்கியபடி வந்தார்.

"ஏம்மா, விசில் அடிக்கப் போறேன். எறங்கறதுன்னா எறங்கு. இல்ல, அந்தம்மாவ ஏறச் சொல்லு."

"ஒரு நிமிஷம் இருங்கண்ணா." ரேவதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அக்கா, பேர ஒட்டறது மட்டும் பத்தாது. நேத்து எல்லாரும் பாத்தாங்க. என் பொண்ணுகிட்டயே யாரோ தெருவுல கேட்டிருக்காங்க. எல்லார் முன்னாடியும் நீங்க வாயால சொல்லணும். யார் தப்புன்னும் சொல்லணும்."

"சொல்றேன்."

"சார் மேல போடக் கூடாது."

"போட மாட்டேன்."

"போன் சிக்னல் மேலயும் போடக் கூடாது."

ஆட்டோவில் வரும்போது நான் தயார் செய்து வைத்திருந்தது அதைத்தான். அதையும் விட்டுவிட்டு, "சரி" என்றேன்.

இறங்கினாள். விசில் அடித்தது. பஸ் அவளில்லாமல் கிளம்பியது. அங்கேயே நின்று நாட்றம்பள்ளிக் கம்பெனிக்குப் போன் செய்து, வர முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். என் ஆட்டோவிலேயே தொழிற்சாலைக்கு வந்தாள். வழியில் இரண்டு முறை தானாகச் சிரித்தாள்.

அலுவலகத்தில் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்து அவள் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். பிறகு கம்ப்யூட்டரில் அவள் பெயர். 8.00-க்குச் சங்கு ஊதியதும், எண்பது பேர் முன்னால் ஒரு ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஏறி நிற்கத் தைரியம் வரவில்லை.

"நேத்து ரேவதி பேரு மேல கோடு போட்டது நான். மேனேஜர் என்னை அவ பேர தட்டச்சு செய்யத்தான் சொன்னார். தப்பு என்னோடது. சார் தப்பு இல்ல. சிக்னல் தப்பும் இல்ல. புது லைன் பொறுப்பு ரேவதி."

தட்டச்சு என்றதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலில் கை தட்டியது தில்ஷாத். கௌசல்யா கொஞ்சம் பொறுத்துத் தட்டினாள். அதுவும் நியாயம்தான்.

8.15-க்கு ரேவதி, புது லைன் பொறுப்பாளராக, என் மேசைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பன்னெண்டு மெஷினு வடக்கு ஜன்னல் ஓரமா போடணும்க்கா. தோல் நெறம் பாக்க வெளிச்சம் வேணும். நான் சொன்னத வேற வார்த்தைல எழுதிக் காட்டுங்க. அப்பதான் புரிஞ்சிதுன்னு நம்புவேன்."

நீலப் பேனாவை எடுத்து, அழகாக எழுதினேன். "பன்னிரண்டு தையல் மெஷின்களை வடக்குப் பக்க ஜன்னலை ஒட்டி வைக்க வேண்டும்."

வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"ஒட்டின்னா, பசை போட்டாக்கா?"

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ஜன்னலுக்குப் பக்கத்தில்" என்று மறுபடி எழுதினேன். புது லைனில் நடந்த முதல் வேலை அதுதான்.